பனியில் நின்ற ரயிலும் பறிபோன குழந்தையும்

துப்பறியும் நாவலை ஒரு முறையேனும் கையில் எடுக்காத ரயில் பிரயாணி நம் நாட்டில் அரியர். தென்னாட்டு நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடையும், வடநாட்டு நிலையங்களில் வீலர் கடையும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரக்கை விற்றன. ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் நம் பாட்டனார்கள் படித்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலை நம் தந்தையர் படித்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் காலனிக் குடும்பங்களில், டிரங்குப் பெட்டியின் அடியில் அட்டை கிழிந்த மர்ம நாவல் ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது என்றால் மிகையாகாது.

இத்தகைய நூல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பெரியோர் உளர். பெரும்பாலான நூல்களைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று சரியே. எனினும் உலகெங்கும் மிகுதியாகப் படிக்கப்பட்ட துப்பறியும் நாவல்களுள் ஒன்று, தொட்டிலிலிருந்து ஒரு குழந்தை களவாடப்பட்ட உண்மைச் சம்பவத்தினின்றும் பிறந்தது. அகதா கிறிஸ்டி என்னும் ஆங்கில அம்மையார் எழுதி, 1934ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இங்கிலாந்தில் வெளியான ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ என்பதே அந்நூல்.

சங்கத்தார் இவ்வாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பணித்தபோது இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் மூன்று. இதில் ரயில் இருக்கிறது. இதில் கணக்கெழுதுவோரின் பங்கும் இருக்கிறது. ரயில்வேயில் பதிவேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இவ்விரண்டும் நெருங்கியவை. மூன்றாவது காரணம் நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றியது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவேன்.

விமான வீரரின் வீடு

சார்லஸ் லிண்ட்பெர்க் என்னும் 25 வயது இளைஞர், 1927ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியே விமானத்தில் கிளம்பி, 33 மணி நேரத்துக்கு மேல் இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, மறுநாள் இரவு பாரிஸ் மாநகரில் இறங்கினார். தனி ஒருவர் அவ்வாறு கடந்தது அதுவே முதல் முறை. அன்று முதல் அவர் அமெரிக்க மக்களின் கண்மணியானார். 1929இல் ஆன் மாரோ என்னும் பெண்மணியை மணந்தார். 1930ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தையின் பெயரே அதற்கும் இடப்பட்டது.

புகழின் தொல்லை தாங்காத தம்பதியர், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் என்னும் சிற்றூருக்கருகே ஆளரவமற்ற இடத்தில் ஒரு புது வீடு கட்டினர். வார இறுதியில் மட்டுமே அங்கே தங்கி, திங்கட்கிழமை பெண் வீட்டாரின் மாளிகைக்குத் திரும்பிவிடுவது வழக்கம். 1932ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தமையால் அன்றும் ஹோப்வெல் வீட்டிலேயே இருந்துவிட்டனர். குழந்தை உறங்கிய மாடி அறையில் ஒரு ஜன்னலின் மரக்கதவு கோணியிருந்ததனால் அதைத் தாழிட இயலவில்லை. இரவு சுமார் 10 மணிக்குச் செவிலிப் பெண் சென்று பார்த்தபோது தொட்டில் வெறுமையாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம் கிடந்தது. வெளியே, கையால் செய்யப்பட்ட மூன்று துண்டு ஏணி ஒன்று உடைந்து கிடந்தது. குழந்தையின் வயது 20 மாதம்.

செய்தி பரவியதும் பத்திரிகைக்காரர்களும் வேடிக்கை பார்ப்போரும் அவ்வீட்டை முற்றுகையிட்டனர். சிகாகோவின் பெரும் குற்றவாளியான அல் கபோன்கூடச் சிறையிலிருந்தபடியே, தன்னை விடுவித்தால் குழந்தையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினான். இறுதியில் டாக்டர் காண்டன் என்னும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் இடைநின்று பேச முன்வந்தார். ஏப்ரல் 2ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், முகம் தெரியாத ஒருவனிடம் அவர் 50,000 டாலரைக் கொடுத்தார். குழந்தை ஒரு படகில் இருப்பதாக அவன் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு மறைந்தான். தந்தை தாமே விமானத்தில் ஏறிக் கடலோரமெங்கும் தேடினார். அப்படி ஒரு படகே இல்லை.

மே மாதம் 12ஆம் தேதி, ஒரு லாரி ஓட்டுநர் சாலையோரக் காட்டில் ஒதுங்கியபோது குழந்தையின் உடலைக் கண்டார். வீட்டிலிருந்து அவ்விடம் ஐந்து மைலுக்கும் குறைவே. தலையில் அடிபட்டு, களவு போன இரவை ஒட்டியே உயிர் போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் தெரிவித்தனர். பணம் கைமாறிய நாளில் திரும்பித் தருவதற்குக் குழந்தை உயிரோடு இல்லை. மாநில எல்லை கடந்து ஆள் கடத்துவதை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. லிண்ட்பெர்க் சட்டம் என்று வழங்கும் அது நிறைவேறிய நாள் 1932 ஜூன் 22. அக்குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டிய நாளும் அதுவே.

பணிப்பெண்ணின் மரணம்

இவ்வழக்கில் இறந்தது குழந்தை மட்டுமன்று. தாய் வழிப் பாட்டியார் இல்லத்தில் வேலை செய்த இங்கிலாந்து தேசத்துப் பணிப்பெண் ஒருத்தியைப் போலீசார் மீண்டும் மீண்டும் விசாரித்தனர். அன்றிரவு எங்கே இருந்தாள், யாருடன் போனாள் என்ற கேள்விகளுக்கு அவள் முன்னுக்குப் பின் முரணாக விடையளித்தாள். சந்தேகம் வலுத்தது. மற்றுமொரு விசாரணைக்கு அழைத்துப் போக வருகிறார்கள் என்றறிந்ததும், 1932 ஜூன் 10ஆம் தேதி, நஞ்சருந்தி மாண்டாள். அவள் இறந்த பிறகுதான், அன்றிரவு அவள் வெளியே சென்றிருந்தது உண்மையே என்றும், கடத்தலில் அவளுக்குப் பங்கில்லை என்றும் தெரியவந்தது.

ஒரு வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனாலும் முதற்பார்வை வேலைக்காரியின் மீது விழுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். நம் காலனியும் இதற்கு விலக்கன்று. ஏழைக்கு மானத்தைத் தவிர வேறு சொத்து இல்லை. அதையும் சந்தேகத்தில் இழந்தவளின் கதி என்ன என்பதை இச்சரித்திரம் காட்டுகிறது. பணிப்பெண்ணின் இந்தத் துயரத்தை ஒத்த ஒரு நிகழ்ச்சி நாவலிலும் வருவதைப் பின்னர் காண்போம்.

பனியும் வெள்ளமும்

இனி ரயிலின் கதைக்கு வருவோம். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி பாரிசிலிருந்து புறப்பட்டது. நாகல்மாக்கர்ஸ் என்னும் பெல்ஜியக்காரர் நிறுவிய படுக்கை வண்டிக் கம்பெனி அதை நடத்திற்று. தொடக்கத்தில் பிரயாணிகள் வழியில் இறங்கி, ஆற்றைப் படகில் கடந்து, வேறு வண்டியும் கப்பலும் ஏறியே கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தனர். 1889இல்தான் முழுவதும் இருப்புப்பாதையாயிற்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த சிம்பிளான் சுரங்கம் 1906இல் திறக்கப்பட, 1919 முதல் அவ்வழியே சிம்பிளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஓடலாயிற்று. கிறிஸ்டியின் கதை நிகழ்வது இவ்வண்டியில்தான்.

1929ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், துருக்கியில் செர்கெஸ்கோய் என்னுமிடத்தருகே இந்த வண்டி கடும் பனியில் புதைந்து பல நாள் நகராமல் நின்றது. உலகப் பத்திரிகைகள் யாவும் அதை எழுதின. கிறிஸ்டி அம்மையார் அதில் இல்லை. எனினும் 1931 டிசம்பரில், நினிவே அகழ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த தம் கணவர் மாக்ஸ் மல்லோவனைப் பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது, பெருமழையில் பாதை அரிக்கப்பட்டு அவருடைய வண்டி வழியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் தாமதமாகவே ஊர் சேர்ந்தார். உடன் பிரயாணம் செய்தவர்களைப் பற்றிக் கணவருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். அமெரிக்க மூதாட்டி ஒருவர், டென்மார்க் தேசத்துச் சமயப் பணிப்பெண்கள் இருவர், ஹங்கேரி நாட்டு அமைச்சர் தம்பதியர் எனப் பலர் அதில் வருகின்றனர். நாவலைப் படித்தவர்களுக்கு இவர்களுள் சிலரின் சாயல் அதில் தென்படும்.

ரயில் நின்றுவிட்டால் அதற்குள் ஒரு கிராமம் உருவாகிவிடுகிறது என்பதை நாம் அறிவோம். கோடை விடுமுறையில் இரண்டு இரவும் இரண்டு பகலும் ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சிக்னல் கிடைக்காமல் வண்டி நடுக்காட்டில் நிற்கும் நான்கு மணி நேரத்தில், எதிர்ப் பலகைக்காரரின் குலம், கோத்திரம், சம்பளம், மகள் கலியாணம் எல்லாம் வெளிவந்துவிடும். வேறெங்கும் சந்திக்க இடமில்லாத மனிதர்களை ஒரே பெட்டியில் அடைத்து, வெளியேற வழியில்லாமல் செய்வது எத்துணை வசதி என்பதை அந்த ஆசிரியர் கண்டுகொண்டார்.

குழந்தைக்காக எழுந்த நாவல்

இரண்டு விதைகளும் ஒன்றுசேர்ந்தன. நூலின் சமர்ப்பணத்தில் அர்பச்சியா என்ற ஊர்ப் பெயரும் 1933 என்ற ஆண்டும் உள்ளன. அவருடைய கணவர் ஈராக்கில் அகழ்வாராய்ச்சி நடத்திய இடம் அது. நாவல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் 1933இலேயே தொடர்கதையாக வந்தது. மறுஆண்டு அங்கே நூலாக வந்தபோது, ‘கலே பெட்டியில் கொலை’ என்று பொருள்படும் வேறு தலைப்பைப் பெற்றது.

கதையில், இஸ்தான்புல்லிலிருந்து கலே துறைமுகம் செல்லும் படுக்கைப் பெட்டி, குளிர்காலமாயிருந்தும் முழுவதும் நிரம்பியிருக்கிறது. துப்பறியும் நிபுணர் பொய்ரோவுக்கு இடமில்லை. ரயில் கம்பெனியின் டைரக்டர் அவருக்கு நண்பர். பதிவு செய்த ஒருவர் உரிய நேரத்தில் வராமற்போகவே, அந்தப் படுக்கையை இவருக்குக் கொடுக்கச் செய்கிறார். வராத பிரயாணியின் இடத்தைக் காத்திருப்போருக்குக் கொடுக்கும் விதியை அன்றாடம் காணும் ரயில்வே ஊழியர் இந்தப் பக்கத்தைப் படிக்கையில் புன்முறுவல் பூக்காமல் இருக்க முடியாது. வண்டி யூகோஸ்லாவியாவில் பனியில் சிக்கி நிற்கிறது. அன்றிரவு ஒரு பிரயாணி கொல்லப்படுகிறான். கொல்லப்பட்டவன் யார் என்பது கதையின் முற்பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்னும் மூன்று வயதுச் சிறுமியைக் கடத்தி, பெற்றோரிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவளைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் அவன். பணபலத்தாலும் சட்ட நுணுக்கத்தாலும் தண்டனைக்குத் தப்பி, வேறு பெயரில் உலாவியவன்.

கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. புகழ் பெற்ற குடும்பம், தொட்டில் குழந்தை, கொடுத்த பணம், பிறகு கிடைத்த உடல் எல்லாம் ஹோப்வெல்லில் நடந்தவை. நாவலில் சந்தேகத்துக்கு ஆளான செவிலிப் பெண் ஜன்னலிலிருந்து குதித்து உயிர் விடுகிறாள். அவள் குற்றமற்றவள் என்பது பின்னரே தெரிகிறது. நாம் மேலே கண்ட பணிப்பெண்ணின் நிழல் இங்கே விழுந்திருப்பதைக் காணலாம். ஒரு குழந்தையின் மரணம் எத்தனை பேரைச் சாய்த்தது என்று கணக்குப் பார்ப்பதே இந்நாவலின் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மையாரின் சொந்த வாழ்விலும் ஒரு செய்தி உண்டு. 1926ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி இரவு, முதற்கணவருடன் மனத்தாங்கல் முற்றிய நிலையில், அவர் வீட்டை விட்டு வெளியேறினார். கார் வேறோரிடத்தில் அனாதையாகக் கிடந்தது. போலீசாரும் பொதுமக்களும் குளம் குட்டையெல்லாம் தேடினர். 14ஆம் தேதி ஹாரோகேட் நகரத்து விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கியிருக்கக் கண்டுபிடிக்கப்பட்டார். அப்பதினொரு நாளும் அவருடைய ஏழு வயது மகள் வீட்டிலிருந்தாள். காணாமற்போவது என்பதன் இருபுறத்தையும் அந்தக் குடும்பம் அறிந்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஹோப்வெல் செய்தியைப் படித்த தாய், அதை மற்றவர்களைப் போல் மறந்துவிட்டுத் தாளைப் புரட்டியிருக்க மாட்டார்.

நூலில் கொலை செய்தவர் யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. படிக்காதவர்களின் சுவையைக் கெடுப்பது பாவம். சட்டம் தவறிய இடத்தில் தனி மனிதர் நீதி வழங்கலாமா என்ற வினாவை நூல் எழுப்புகிறது என்று மட்டும் சொல்வேன். ஒன்றை மறக்கலாகாது. நாவல் வெளியான 1934 ஜனவரியில் உண்மைக் குற்றவாளி இன்னும் அகப்படவில்லை. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை மக்களுக்குத் தளர்ந்திருந்த காலம் அது. வாசகர் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த கோபத்துக்குக் கதை ஒரு வடிகாலாயிற்று. உண்மையில் வழக்கு துலங்கிய வழியோ முற்றிலும் வேறு.

எழுதி வைத்தவர்கள்

கல்லறைத் தோட்டத்தில் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, தங்கப் பத்திரம் எனப்படும் நோட்டுகள். வருமான வரித் துறையினரின் வற்புறுத்தலால், ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் வங்கி ஊழியர்கள் முன்னதாகவே எழுதி வைத்தனர். ஆயிரக்கணக்கான நோட்டுகளின் எண்களை ஒன்றுவிடாமல் எழுதும் வேலையின் அலுப்பை எழுத்தர்களே அறிவர். அப்பட்டியல் அச்சிடப்பட்டு வங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட், மக்களிடமுள்ள தங்கத்தையும் தங்கப் பத்திரங்களையும் அரசிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அதன்பின் அத்தகைய நோட்டு வெளியில் வந்தாலே கண்ணை உறுத்தும் நிலை ஏற்பட்டது.

1934 செப்டம்பர் 15ஆம் தேதி, நியூயார்க்கில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு வந்த ஒருவன் பத்து டாலர் தங்கப் பத்திரம் ஒன்றை நீட்டினான். வங்கியில் இது செல்லாமற்போனால் நஷ்டம் யாருக்கு என்று எண்ணிய பணியாளர், வந்தவனின் காரின் எண்ணை அந்த நோட்டின் ஓரத்திலேயே குறித்து வைத்தார். வங்கியில் நோட்டின் எண் பட்டியலோடு ஒத்தது. காரின் எண் ஆளைக் காட்டியது. ஹாப்ட்மன் என்னும் ஜெர்மானியத் தச்சன் 19ஆம் தேதி கைதானான். அவனுடைய கார்க் கொட்டகையில் 14,000 டாலருக்கு மேற்பட்ட மீட்புப் பணம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஏணியின் கதை இன்னும் வியப்பூட்டுவது. விஸ்கான்சின் மாநிலத்தில் அரசு மர ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஆர்தர் கோலர் என்னும் நிபுணர், ஏணிச் சட்டத்தில் இழைப்பு இயந்திரம் விட்டுச் சென்ற மெல்லிய தழும்புகளை ஆராய்ந்தார். 1,500க்கும் மேற்பட்ட மர ஆலைகளுக்குக் கடிதம் எழுதினார். தென் கரோலினாவிலுள்ள ஓர் ஆலையின் இயந்திரமே அத்தழும்புக்குக் காரணம் என்று கண்டார். அவ்வாலை மரம் அனுப்பிய கணக்கைக் கொண்டு நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஒரு மரக்கடை வரை வந்துவிட்டார். அங்கே தடம் அறுந்தது. அக்கடையில் ரொக்கத்துக்கு விற்றதற்குக் கணக்கு எழுதுவதில்லை! ஆலைக்காரர் எழுதிய கணக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வழிகாட்டியது. கடைக்காரர் எழுதாமல் விட்ட ஒரு வரி, குற்றவாளியின் வாசலுக்குச் சில தெருக்கள் அப்பால் நிறுத்திவிட்டது. ஹாப்ட்மன் அகப்பட்ட பிறகு, அவன் வீட்டுப் பரணில் ஒரு பலகையின் பகுதி அறுத்தெடுக்கப்பட்டிருப்பதும், ஏணியின் ஒரு சட்டத்தின் மரவரிகள் அதனுடன் பொருந்துவதும் காணப்பட்டன.

1935 ஜனவரி 2ஆம் தேதி பிளமிங்டன் நகரில் தொடங்கிய விசாரணை, பிப்ரவரி 13ஆம் தேதி மரண தண்டனைத் தீர்ப்புடன் முடிந்தது. 1936 ஏப்ரல் 3ஆம் தேதி தண்டனை நிறைவேறிற்று. தான் நிரபராதி என்றே அவன் இறுதிவரை கூறினான். வேறு துணைவர்கள் இருந்தனரா, விசாரணை முறையாக நடந்ததா என்று ஆராய்வோர் இன்றும் உளர். ஊரார் கூட்டமும் பத்திரிகைக் கூச்சலும் நிறைந்த அந்த நீதிமன்றத்தை எண்ணும்போது, அவ்வையங்கள் எழுவது இயற்கையே. லிண்ட்பெர்க் குடும்பம் 1935 டிசம்பரிலேயே நாட்டை விட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பாரிசிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேராகச் செல்லும் வண்டியும் 1977 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெயர் 2009 டிசம்பரில் ஐரோப்பியக் கால அட்டவணையிலிருந்தே மறைந்தது. நாவல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1974இலும் 2017இலும் அது திரைப்படமாயிற்று. முதற்படத்தில் நடித்த இன்கிரிட் பெர்க்மனுக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிசு கிடைத்தது.

நம் நிலையங்களில்

மூன்றாவது காரணத்துக்கு இப்போது வருகிறேன். ஹோப்வெல் குழந்தையைத் தேட ஒரு தேசமே எழுந்தது. நம் நாட்டில் காணாமற்போகும் குழந்தைகள் பலருக்குப் பெயர் சொல்லித் தேடவும் ஆளில்லை. அவர்களுள் எத்தனையோ பேர் வந்து சேருமிடம் ரயில் நிலையம்.

1986ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்துக் கண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், அண்ணனுடன் புர்ஹான்பூர் நிலையத்துக்கு வந்தான். அண்ணன் வரும்வரை பலகையில் உறங்கினான். விழித்தபோது அண்ணன் இல்லை. நின்றிருந்த வண்டியில் ஏறினான். அது அவனை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஹௌராவில் இறக்கிவிட்டது. அவன் பேசியது இந்தி. சுற்றிலும் வங்காளி பேசினர். தன் பேட்டையின் பெயரான கணேஷ் தலாய் என்பதை மழலையில் வேறு விதமாக உச்சரித்தான். தன் பெயரான ஷேரு என்பதையும் சரூ என்றே சொன்னான். அவன் சொன்ன ஊரை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1987இல் ஆஸ்திரேலியத் தம்பதியர் அவனைத் தத்தெடுத்தனர். சரூ பிரையர்லி என்ற பெயருடன் வளர்ந்த அவர், செயற்கைக்கோள் படங்களில் ஹௌராவிலிருந்து பிரியும் ஒவ்வொரு ரயில் பாதையாகத் தேடி, 2011இல் தம் ஊரைக் கண்டார். 2012இல் தாயைச் சேர்ந்தார். அவர் எழுதிய நூல் 2013இல் வெளியாகிப் பின்னர் ‘லயன்’ என்ற திரைப்படமாயிற்று. அண்ணனோ, பிரிந்த அந்த நாட்களிலேயே தண்டவாளத்தில் இறந்துபோயிருந்தான்.

கால் நூற்றாண்டு பிரிவுக்கு, ஒரு பெயரின் உச்சரிப்பும் ஒரு மொழி வேற்றுமையும் காரணமாயின என்பதை வேற்று மொழி நாட்டில் வாழும் நாம் உன்னிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டால் ‘குஞ்சு’ என்றோ ‘தங்கம்’ என்றோ சொல்லும். தகப்பனார் பெயர் ‘அப்பா’. ஊர் எது என்றால் ‘தாத்தா வீடு’. சந்தைக் கூட்டத்தில் இதைக் கேட்கும் இந்திக்காரருக்கோ வங்காளிக்கோ என்ன விளங்கும்?

அக்காலத்தைவிட இன்று வழிகள் பல உள. 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவியது. காணாமற்போன குழந்தையைப் பற்றிய புகாரைக் கட்டாயம் வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஆணையிட்டது. ‘போய்ப் பார், தானே வந்துவிடும்’ என்று திருப்பியனுப்ப இனி இடமில்லை. கண்டெடுத்த குழந்தையை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். நம் ரயில்வே பாதுகாப்புப் படையினர் 2018 முதல் 2024 மே வரை நிலையங்களிலும் வண்டிகளிலும் மீட்ட குழந்தைகளின் தொகை 84,119 என அரசு அறிவித்தது. ஒரு பெரிய நகராட்சியின் மக்கள் தொகைக்கு அது ஒப்பாகும். அவர்களுள் ஒவ்வொருவருக்காகவும் ஓர் அதிகாரியோ கான்ஸ்டபிளோ உட்கார்ந்து பெயர், வயது, அங்க அடையாளம், சொன்ன ஊர் ஆகியவற்றை எழுதியிருக்கிறார். அந்த எழுத்தே அக்குழந்தைக்கு வீடு திரும்பும் டிக்கெட்டு.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர்க்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இவ்வளவே. குழந்தைக்கு முழுப் பெயரையும், தாய் தந்தையர் பெயரையும், காலனியின் பெயரையும், ஒரு தொலைபேசி எண்ணையும் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் சொல்லப் பழக்குங்கள். ஆத்திசூடி ஒப்பிக்கத் தெரிந்த வாய்க்கு இது கடினமன்று. விடுமுறைப் பிரயாணத்தில் சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். பிளாட்பாரத்தில் தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று கடந்து போகாமல் நிலைய அதிகாரியிடமோ பாதுகாப்புப் படையினரிடமோ சொல்லுங்கள். அங்கே பெயர் பதியும் வரை உடனிருங்கள். வீட்டு வேலைக்காரியின் மீது ஐயம் எழும் வேளையில், நஞ்சருந்தி மாண்ட அந்தப் பணிப்பெண்ணை ஒரு கணம் நினையுங்கள்.

நம் சங்கம் பொங்கல் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கிறது. பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் வைக்கிறது. அதே பட்டியலில் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோர் பெயர், குவார்ட்டர்ஸ் எண், தொலைபேசி ஆகியவற்றையும் சேர்த்து, காரியதரிசியிடம் பத்திரமாக இருக்கும்படி செய்யலாம் என்பது என் யோசனை. வருகிற பொதுக்குழுவில் இதை வைக்க எண்ணியுள்ளேன். நோட்டுப் புத்தகம் வாங்கும் செலவை நானே ஏற்கிறேன். எழுதும் பணியையும் நானே செய்கிறேன்.

வாழிய நம் குழந்தைகள்! வாழிய நம் சங்கம்!